தாய்ப்பலகையின் சின்ன விசிறி

தாய்ப்பலகையில் சிப்செட்டின் தலைமேல் ஒரு சின்ன விசிறி இருக்குமானால், அந்தக் கணினியில் முதலில் பழுதாகும் பாகம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். பிராசசரும் நினைவகமும் பத்தாண்டு தாண்டியும் உழைக்கக்கூடியவை. 40 மி.மீ. அகலமே உள்ள இந்த விசிறியோ சில ஆண்டுகளிலேயே கரகரக்கத் தொடங்கி, ஒருநாள் சுற்றாமல் நின்றுவிடுகிறது. புது விசிறி மலிவான பொருள்தான். ஆனால் அதை எடுத்தவுடன் வாங்கிப் பொருத்திவிட முடிவதில்லை. எந்த அளவு, எந்தக் கனெக்டர், சில்லின் சூட்டை வாங்கும் உலோகத் தகடான ஹீட்சிங்க்கைக் கழற்ற வேண்டுமா வேண்டாமா என்பதையெல்லாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிப்செட் என்பது பிராசசருக்கும் சுற்றியுள்ள கருவிகளுக்கும் இடையே போக்குவரத்தைக் கவனிக்கும் சில்லு. வன்தட்டு, யூஎஸ்பி, நெட்வொர்க், ஒலி எல்லாம் பெரும்பாலும் அதன் வழியாகவே போய்வருகின்றன. அது வெளிவிடும் வெப்பம் பெரிதில்லை. ஏஎம்டி நிறுவனம் 2019 ஜூலையில் வெளியிட்ட எக்ஸ்570 சிப்செட்டுக்கு அது ஏறத்தாழ 11 வாட். அதற்கு முந்தைய எக்ஸ்470 சிப்செட்டுக்கு அதில் பாதியளவுதான். பிராசசர்கள் 100 வாட்டைச் சாதாரணமாகத் தாண்டும் காலத்தில் 11 வாட்டைக் கரைக்க உயரமான ஓர் அலுமினிய ஹீட்சிங்க்கே போதும். ஆனால் அந்த உயரத்துக்குத்தான் இடமில்லை. சிப்செட் இருக்கும் இடத்துக்கு நேர் மேலாக நீளமான கிராபிக்ஸ் கார்டு வந்து படுத்துக்கொள்கிறது. மிஞ்சுவது இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி. அதற்குள் அடங்கும் ஹீட்சிங்க் குட்டையாக இருந்தாக வேண்டும். குட்டையான ஹீட்சிங்க்குக்குக் காற்றை வலிந்து ஊதியாக வேண்டும்.

இதே நெருக்கடி எக்ஸ்570க்குப் பதினைந்து ஆண்டு முன்பே ஒருமுறை வந்தது. 2004இல் என்விடியா வெளியிட்ட என்ஃபோர்ஸ்4 சிப்செட், ஏத்லான் 64 பிராசசர்களுக்கானது. நினைவகத்தை இயக்கும் பகுதி பிராசசருக்குள்ளேயே போய்விட்டதால், முன்பு இரண்டு சில்லுகள் பகிர்ந்துகொண்ட மற்ற வேலைகள் அனைத்தும் ஒரே சில்லில் வந்து குவிந்தன. இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளைச் சேர்த்து ஓட்டும் எஸ்எல்ஐ வசதி கொண்ட போர்டுகளில் அந்தச் சில்லு கார்டின் நிழலில் மாட்டிக்கொண்டது. தட்டையான ஹீட்சிங்க், அதன் மேல் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும் சின்ன விசிறி என்பதே அன்றைய வழக்கமான தீர்வு. இரைச்சலும் பழுதும் பயனர்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. 2005இல் வந்த ஏசுஸ் ஏ8என்-எஸ்எல்ஐ பிரீமியம் போர்டு வேறு வழியில் போனது. அதில் ஒரு ஹீட்பைப் சிப்செட்டின் வெப்பத்தைப் பிராசசருக்கு அருகே உள்ள தகடுகளுக்குக் கடத்தியது. சிப்செட்டுக்கு விசிறியே இல்லை. பிறகு சின்ன விசிறி மெல்ல மறைந்து, எக்ஸ்570 கொண்டுவந்த பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 இணைப்பின் வேகத்தோடு மீண்டும் தலைகாட்டியது.

விசிறி நின்றால் என்ன ஆகும் என்பதை ஓர் எளிய கணக்கில் பார்க்கலாம். ஹீட்சிங்க்கின் திறனை வெப்பத்தடை என்ற அளவால் குறிப்பார்கள். ஒவ்வொரு வாட்டுக்கும் சில்லின் வெப்பநிலை சுற்றியுள்ள காற்றைவிட எத்தனை டிகிரி உயரும் என்பதே அது. தட்டையான ஒரு ஹீட்சிங்க்குக்கு விசிறி ஓடும்போது வாட்டுக்கு 4 டிகிரி, நின்றுவிட்டால் 10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சித்திரை மாதத்தில் குளிர்சாதனம் இல்லாத அறை 36 டிகிரி இருந்தால் பெட்டிக்குள் 45 டிகிரி சாதாரணமாக இருக்கும். 10 வாட் சிப்செட் விசிறியோடு 85 டிகிரியில் நிற்கும். விசிறி இல்லாமல் கணக்குப்படி 145 டிகிரிக்குப் போக வேண்டும். அந்த அளவை எட்டும் முன்பே கணினி உறைந்துவிடும். நின்றுபோன விசிறி இன்னொரு கெடுதலும் செய்கிறது: ஹீட்சிங்க்கின் மேல் மூடிபோல் உட்கார்ந்துகொண்டு, இயல்பாக மேலெழும் காற்றையும் தடுக்கிறது.

பிராசசருக்கு இந்த ஆபத்து இப்போது அவ்வளவு இல்லை. 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் இதழ், ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளிலிருந்து ஹீட்சிங்க்கைக் கழற்றி எடுத்துப் படம்பிடித்துக் காட்டியது. பென்டியம் 4 தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பியது. ஏத்லான் சில நொடிகளில் கருகிச் செத்தது. இன்றைய பிராசசர்கள் எல்லாம் சூடேறினால் தாமே வேகம் தணித்து, அதற்கும் மேல் போனால் அணைந்துவிடுகின்றன. பழைய சிப்செட்டுகள் பலவற்றில் அத்தகைய நேர்த்தியான பாதுகாப்பு இல்லை. சூடேறிய சிப்செட் முதலில் காட்டும் அறிகுறிகள் குழப்பமானவை: யூஎஸ்பி கருவி திடீரென்று துண்டிக்கப்படும், வன்தட்டு காணாமல் போகும், திரை அப்படியே உறையும். இவற்றைப் பார்த்துவிட்டு நினைவகத்தையோ விண்டோஸையோ குறை சொல்லி, இரண்டையும் மாற்றிப் பார்த்துப் பணத்தையும் நேரத்தையும் இழந்தவர்கள் உண்டு.

கெடுவது எது?

விசிறி நின்றதும் மோட்டார் எரிந்துவிட்டது என்று சொல்வது வழக்கம். அது பெரும்பாலும் உண்மையல்ல. கணினி விசிறியில் இருப்பது பிரஷ் இல்லாத நேர்மின் மோட்டார். இறக்கைகளின் நடுக்குமிழுக்குள் வளையக் காந்தம் ஒட்டப்பட்டிருக்கும். அதற்குள்ளே செம்புச் சுருள்கள் அசையாமல் நிற்கும். காந்தத்தின் முனை எங்கே இருக்கிறது என்பதை ஹால் உணரி பார்த்துச் சொல்ல, சிறிய ஐசி ஒன்று சுருள்களில் மின்சாரத்தை மாற்றி மாற்றி விடும். உரசும் கரித்துண்டு கிடையாது, எனவே தேய்வதற்கும் அங்கே ஒன்றுமில்லை. ஒரு பரப்பு இன்னொன்றைத் தொடும் ஒரே இடம் அச்சு சுழலும் பேரிங். விசிறியின் ஆயுள் என்பது அந்தப் பேரிங்கின் ஆயுள்தான்.

மலிவான விசிறிகளில் இருப்பது ஸ்லீவ் பேரிங். வெண்கலத் தூளை வார்ப்பச்சில் அழுத்திச் சூடாக்கி இறுக வைத்த சிறு குழாய் அது. தூள்களுக்கு இடையில் நுண்ணிய துளைகள் மிஞ்சும். அவற்றில் எண்ணெய் ஊறியிருக்கும். அச்சு சுழன்று சூடேறும்போது எண்ணெய் துளைகளிலிருந்து கசிந்து வந்து மெல்லிய படலமாக நிற்கும். சுழற்சி நின்று ஆறியதும் திரும்ப உள்ளே உறிஞ்சப்படும். வண்டி அச்சுக்கு அவ்வப்போது மை போட்டாக வேண்டும். இங்கே தொழிற்சாலையிலேயே ஒரே ஒருமுறை போட்ட மைதான் வாழ்நாள் முழுவதற்கும். எண்ணெய் இருக்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. அது குறைந்ததும் உரசல் தொடங்குகிறது. உரசலால் துளை அகன்று அச்சு ஆடுகிறது. ஆட்டத்தால் உரசல் இன்னும் மிகுகிறது.

எண்ணெய் எங்கே போகிறது? சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிறது. காற்றுப் பட்டு இறுகிப் பிசினாகிறது. உள்ளே நுழையும் தூசி அதை உறிஞ்சிக்கொண்டு கருப்புக் களிம்பாக மாறுகிறது. சிப்செட் விசிறிக்கு மட்டும் ஏன் இது விரைவில் நேர்கிறது என்பதற்கும் இதுவே விடை. பெட்டியின் முன்பக்க விசிறி குளிர்ந்த காற்றில் நிற்கிறது. இது 70, 80 டிகிரி ஹீட்சிங்க்கின் மேலேயே திருகப்பட்டிருக்கிறது, கிராபிக்ஸ் கார்டின் வெப்பமும் தலையில் விழுகிறது. பேரிங் சிறியதாதலால் அதில் தங்கும் எண்ணெயும் மிகச் சொற்பம். வேகமோ அதிகம். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால், நாளுக்கு 8 மணி நேரத்தில் 28 லட்சத்து 80 ஆயிரம் சுற்று. ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 86 கோடிக்கு மேல்.

பந்து பேரிங் இதைவிட வெப்பம் தாங்கும். உருளும் குண்டுகளுக்கு உரசல் குறைவு, கிரீசும் எளிதில் ஆவியாவதில்லை. புதிதாக இருக்கும்போது ஸ்லீவைவிடச் சற்று அதிகமாக ஓசையிடும் என்பது அதன் குறை. ஃப்ளூயிட் டைனமிக் பேரிங்கில் மீன்முள் வடிவக் காடிகள் எண்ணெயை நடுவே அழுத்தி அச்சை மிதக்க வைக்கின்றன. ஓசை குறைவு, ஆயுள் அதிகம், விலையும் அதிகம். சிப்செட் போன்ற சூடான இடத்துக்கு வாங்குவதானால், கொஞ்சம் ஓசை பரவாயில்லை என்று பந்து பேரிங்கைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம். விசிறியின் ஆயுளைத் தயாரிப்பாளர்கள் மணிக்கணக்கில் அச்சிடுவார்கள். அந்த எண் பெரும்பாலும் எல்10 எனப்படுவது: அத்தனை மணி நேரத்துக்குள் பத்தில் ஒரு விசிறி பழுதாகியிருக்கும் என்று பொருள். எந்த வெப்பநிலையில் கணக்கிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

நோயைக் கண்டறிதல்

முதல் அறிகுறி காலையில் வரும். கணினியைப் போட்டதும் சில நொடி கரகரப்பு, சூடேறியதும் அடங்கிவிடும். நாளாக ஆக அந்தச் சில நொடி சில நிமிடமாகும். கடைசியில் ஓடிக்கொண்டிருக்கும் வரை ஓடி, ஒருமுறை அணைத்தபின் திரும்பக் கிளம்பாது. ஓடும் அச்சை ஓட வைக்கத் தேவையான விசையைவிட நின்ற அச்சைக் கிளப்பத் தேவையான விசை அதிகம் என்பதால், பல நாள் தொடர்ந்து ஓடும் சர்வர்களில் மின்தடைக்குப் பிறகுதான் செத்த விசிறிகள் வெளிச்சத்துக்கு வருகின்றன.

ஓசை எந்த விசிறியிலிருந்து வருகிறது என்று காதால் மட்டும் சொல்ல முடியாது. பெட்டிக்குள் எதிரொலி ஏமாற்றும். சுருட்டிய காகிதக் குழலின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு விசிறிக்கு நேராகக் காட்டினால் தெரிந்துவிடும். மூன்று கம்பி விசிறி என்றால் எண்ணாகவே பார்க்கலாம். மூன்றாவது கம்பி ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்புகிறது. நொடிக்கு 200 துடிப்பு என்றால் நிமிடத்துக்கு 6,000 சுற்று. தாய்ப்பலகையில் உள்ள கண்காணிப்புச் சில்லு அதை எண்ணி, பயாஸ் திரையிலும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளிலும், லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் வழியாகவும் காட்டும். நேற்று 5,800 காட்டியது இன்று 4,000 என்று தள்ளாடினால் பேரிங் போய்விட்டது என்று பொருள்.

பூஜ்யம் காட்டினால் மட்டும் பழுது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. எக்ஸ்570 போர்டுகள் பலவற்றில் சிப்செட் குறிப்பிட்ட வெப்பநிலையைத் தொடும்வரை விசிறி வேண்டுமென்றே நிறுத்தி வைக்கப்படுகிறது. பயாஸில் அந்த அமைப்பை முழு வேகத்துக்கு மாற்றிப் பார்த்தபின் தீர்ப்புச் சொல்லலாம். இரண்டே கம்பி உள்ள விசிறியும் நன்றாகச் சுற்றிக்கொண்டே பூஜ்யம் காட்டும்.

எண்ணெய் விட்டால் சரியாகுமா என்ற கேள்வி எப்போதும் வரும். நடுக்குமிழின் பின்புறத்து ஸ்டிக்கரைத் தூக்கினால், சில விசிறிகளில் அடியில் சிறு ரப்பர் மூடியும் அச்சின் முனையும் தெரியும். அங்கே தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் ஓசை அடங்கும். சில வாரமோ சில மாதமோ ஓடும். தேங்காயெண்ணெய் கூடாது: தாவர எண்ணெய் சூட்டில் விரைவில் பிசினாகி, முன்பைவிட மோசமாக இறுக்கிவிடும். துரு நீக்கும் ஸ்பிரேயும் கூடாது; அதில் பெரும்பகுதி கரைப்பான், மிஞ்சிய நல்ல எண்ணெயையும் கழுவிக்கொண்டு போகும். எப்படியானாலும் அகன்றுபோன துளை எண்ணெயால் சுருங்காது. புது விசிறி கைக்கு வரும்வரை நாளோட்ட மட்டுமே இந்த வைத்தியம்.

மாற்றுவது

வாங்கும் முன் பழையதை அளக்க வேண்டும். சட்டம் உள்ள சதுர விசிறி என்றால் வேலை எளிது: 40 மி.மீ. விசிறிக்குத் திருகுத் துளைகளின் இடைவெளி 32 மி.மீ., 60 மி.மீ. விசிறிக்கு 50 மி.மீ. என்று அளவுகள் நிலைப்பட்டுவிட்டன. தடிமன் 10, 15, 20 மி.மீ. எனப் பலவகை, கார்டுக்கு அடியில் 10 மி.மீ. மட்டுமே நுழையும் இடத்தில் 20 வாங்கிவந்து பயனில்லை. சட்டமே இல்லாமல் இறக்கையும் மோட்டாரும் நேரே ஹீட்சிங்க்கில் மூன்று திருகால் பிணைக்கப்பட்டிருந்தால், அந்த மூன்று துளைகளுக்கு இடையிலான தூரத்தையும் இறக்கையின் விட்டத்தையும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். கனெக்டரிலும் கவனம் தேவை. தாய்ப்பலகையின் வழக்கமான விசிறிக் கனெக்டரில் ஊசிகளின் இடைவெளி 2.54 மி.மீ.; சில போர்டுகளிலும் கிராபிக்ஸ் கார்டுகளிலும் அதைவிடச் சிறியவை உண்டு. பழைய விசிறியைக் கையோடு சென்னை ரிச்சி தெருவுக்கு எடுத்துப்போய், பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவதில்தான் தவறு மிகக் குறைவு.

ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் முக்கியம். பெரும்பாலானவை 12 வோல்ட். 5 வோல்ட் விசிறியும் அதே உருவத்தில் விற்கிறது, மாற்றிப் போட்டால் கருகும். மூன்று ஊசியில் முதலாவது தரை, இரண்டாவது 12 வோல்ட், மூன்றாவது வேகத் துடிப்பு. நான்காவது ஊசி இருந்தால் அது வேகக் கட்டளை. நொடிக்கு ஏறத்தாழ 25,000 முறை விட்டுவிட்டு வரும் அந்தக் கட்டளையின் அதிர்வெண் மனிதக் காதுக்கு எட்டாததாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. மூன்று கம்பி விசிறியை நான்கு ஊசியில் செருகலாம், ஓடும். போர்டு வோல்ட்டைக் குறைத்து வேகம் தணிக்கும் முறைக்கு மாறாவிட்டால் எப்போதும் முழு வேகத்தில் ஓடும்.

வேகமான விசிறியே நல்லது என்று நினைப்பதும் தவறு. வேகம் இரட்டித்தால் காற்று இரட்டிக்கும். அதற்குத் தேவையான மின்திறன் எட்டு மடங்காகும், ஓசை ஏறத்தாழ 15 டெசிபல் கூடும். பேரிங்கின் தேய்மானமும் சேர்ந்து ஏறும். பழைய விசிறியின் வேகத்துக்கு அருகில் இருப்பதே போதும்.

கணினியை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கியபின், பவர் பட்டனை ஒருமுறை அழுத்தினால் மின்தேக்கிகளில் மிஞ்சிய மின்னூட்டம் வடிந்துவிடும். பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்னை இறக்கிக்கொள்வது அவசியம். மனிதர் உணரும் நிலைமின் அதிர்ச்சி சில ஆயிரம் வோல்ட். சில்லுகள் அதற்கு வெகு கீழேயே பழுதாகலாம். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிய பிறகுதான் சிப்செட் கைக்கு எட்டும்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. விசிறியின் திருகுகள் மேலிருந்தே தெரிந்தால், ஹீட்சிங்க்கைத் தொடாமல் விசிறியை மட்டும் மாற்றிவிடலாம். அதுவே பத்திரமான வழி. முடிந்தவரை அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கனெக்டரைக் கழற்றும்போது கம்பியைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக் முனையைப் பிடிக்க வேண்டும். புது விசிறியைப் பொருத்துமுன் ஹீட்சிங்க் தகடுகளின் இடுக்கில் உள்ள தூசியைப் பிரஷால் நீக்குவது நல்லது. சட்டம் உள்ள விசிறியில் காற்று வெளியேறுவது மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கைகளும் ஸ்டிக்கரும் உள்ள பக்கம். அந்தப் பக்கம் ஹீட்சிங்க்கை நோக்கி இருக்க வேண்டும். திருகுகளை ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லாவற்றையும் சற்றுச் சற்றாக இறுக்கினால் சட்டம் வளையாது. கம்பி இறக்கையில் சிக்காமல் ஓரமாகக் கட்டிவிட வேண்டும்.

ஹீட்சிங்க்கையே கழற்ற நேர்ந்தால் நிதானம் வேண்டும். பெரும்பாலும் அது ஸ்பிரிங் உள்ள இரண்டு பிளாஸ்டிக் ஊசிகளாலோ, போர்டின் பின்புறத்திலிருந்து வரும் திருகுகளாலோ நிற்கும். இரண்டுக்கும் தாய்ப்பலகையைப் பெட்டியிலிருந்து எடுத்தாக வேண்டும். பிளாஸ்டிக் ஊசியின் பின்முனையை மூக்குக் குறடால் இறுக்கிப் பிடித்தால் உள்ளே சுருங்கும், மெல்லத் தள்ளலாம். ஹீட்சிங்க்குக்கும் சில்லுக்கும் இடையே உள்ள பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருந்தால் நெம்பக் கூடாது. கணினியைச் சில நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, மறுபடி அணைத்து மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, இடமும் வலமுமாக மெல்லத் திருகினால் விட்டுக்கொடுக்கும். பல சிப்செட்டுகளில் சிலிக்கான் துண்டு மூடியின்றி வெறுமையாக இருக்கும். ஹீட்சிங்க் ஒரு பக்கம் சாய்ந்தால் அதன் விளிம்பு உடையும், உடைந்தால் தாய்ப்பலகை போனது போனதுதான். அந்தச் சாய்வைத் தடுக்கவே மூலைகளில் பஞ்சுத் துண்டுகள் ஒட்டியிருக்கும். அவற்றைக் குப்பை என்று பிய்த்துப் போடக் கூடாது.

பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, புதிதாக அரிசி மணி அளவு வைத்தால் இந்தச் சின்னச் சில்லுக்குப் போதும். காற்றைவிட நூறு மடங்குக்கும் மேலாக வெப்பம் கடத்துவது தெர்மல் பேஸ்ட். ஆனால் அலுமினியத்தோடு ஒப்பிட்டால் மிக மட்டம். இரண்டு பரப்புகளின் மேடுபள்ளங்களில் உள்ள காற்றை விரட்டுவது மட்டுமே அதன் வேலை, எனவே தடிமனாகப் பூசினால் கெடுதல். முன்பு மெத்தென்ற தடித்த தெர்மல் பேட் இருந்த இடத்தில் பேஸ்ட்டை வைக்கக் கூடாது; இடைவெளி நிரம்பாது.

ஹீட்சிங்க்கைக் கழற்றும் அளவுக்கு வந்துவிட்டால், விசிறியே இல்லாத உயரமான ஹீட்சிங்க் ஒன்றைப் போட இடம் உண்டா என்று பார்ப்பது நல்லது. கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியிலோ, கார்டு சிப்செட்டை மறைக்காத போர்டிலோ அது தாராளமாகப் பொருந்தும். பெட்டியில் 120 மி.மீ. விசிறி ஒன்றை மெதுவாக ஓடவிட்டு அதன் மேல் காற்றுப் படச் செய்தால் இன்னும் நல்லது. சின்ன விசிறி அலறிக்கொண்டு செய்த வேலையை அது சத்தமில்லாமல் செய்யும். தேய்வதற்குப் பேரிங் இல்லாத ஹீட்சிங்க்குக்கு ஆயுள் கணக்கே கிடையாது. எக்ஸ்570 வெளிவந்தபோதே விசிறியற்ற போர்டு ஒன்று சந்தையில் இருந்தது. 2021இல் எக்ஸ்570எஸ் என்ற பெயரில் விசிறியற்ற போர்டுகள் வரிசையாக வந்தன. இந்த விசிறி தவிர்க்க முடியாததாக ஒருபோதும் இருந்ததில்லை. உலோகத்தில் மிச்சம் பிடித்த செலவைப் பயனரின் தலையில் கட்டியதுதான் அது.

எல்லாம் பொருத்தியபின் முதலில் பெட்டியை மூடாமலே கணினியைப் போட்டு, விசிறி தயங்காமல் கிளம்புகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு பயாஸில் சுற்று எண்ணிக்கை, அடுத்து பெட்டியை மூடி, பெரிய கோப்புகளை வன்தட்டுகளுக்கிடையே நகலெடுத்தபடி அரை மணி நேரம் சிப்செட்டின் வெப்பநிலை. அது ஏறிக்கொண்டே போகாமல் ஓரிடத்தில் நின்றால் வேலை முடிந்தது. விசிறி நல்ல நிலையில் இருந்த காலத்தைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதலாக நின்றால் ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. அப்படியே விடாமல் மறுபடி கழற்றிப் பொருத்த வேண்டும்.